ஆமை நாணயத்திற்கு மூன்று விலை

பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியுவே தீவின் சனத்தொகை 2,000க்கும் குறைவு. அங்கு புழங்குவது நியூசிலாந்து டொலர். ஆனால் அத்தீவின் பெயரில் வரும் கடலாமை வெள்ளி நாணயம் உலகெங்கும் விலைபோகிறது. வார்ப்பது நியூசிலாந்து மின்ட் என்ற தனியார் நிறுவனம். தீவுக்குக் கிடைப்பது பெயருக்கான உரிமைப்பணம்.

நாணயத்தில் பொறித்திருப்பது 2 டொலர். உள்ளே இருப்பதோ ஒரு ட்ரோய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி. (சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான். விலை பேசும்போது இதில் ஏமாறுவோர் உண்டு.) வெள்ளியின் பெறுமதி 2 டொலரை விடப் பன்மடங்கு என்பதால் இதைக் கொடுத்து யாரும் சாமான் வாங்குவதில்லை.

வியாபாரியைக் கவிழ்ப்பது மூன்றாவது விலை. அழகான பெட்டி, சான்றிதழ், வர்ணம் பூசிய பறவை, குறைந்த எண்ணிக்கை என்ற விளம்பரம் ஆகியவற்றுக்காக மேலதிகமாகக் கொடுப்பது அது. சேகரிப்போரின் ஆசை தணிந்தால் அதுவும் போய்விடும். பிறகு தராசில் வைத்து வெள்ளிக் கணக்கே பார்ப்பார்கள். முதலீட்டுக்கு வாங்குவோர் வெள்ளி விலைக்குக் கிட்டிய சாதாரண நாணயத்தையே நாடட்டும்.

மார்க்கக் கணக்கும் உண்டு. பணத்துக்கு வெள்ளி வாங்குவது கைக்குக் கை நடக்க வேண்டும், தவணை கூடாது என்பதே பெரும்பாலான சமகால உலமாக்களின் கருத்து. வெள்ளியின் நிஸாப் 595 கிராம். 20 நாணயங்கள் சேர்ந்தால் 622 கிராம். ஒரு சந்திர வருடம் கையிலிருந்தால் 2.5 சதவீதம் ஸகாத். விற்பதற்கென வாங்கி வைத்தவர் பார்க்க வேண்டியது எடையையல்ல, அன்றைய சந்தை விலையை.