பர்வதமலை ஏறப் போகிறீர்களா?

ஆரணிக்காரர்களுக்குக் காட்டுவழி நடைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. போளூர் தாண்டினால் பர்வதமலை. உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். தென்மகாதேவமங்கலம், கடலாடி என்று இரண்டு பக்கமும் வழி உண்டு.

பிரான்சில் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே போகும் நெடும்பாதைகளில் மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதுவே பெருக்கல் குறியாக இருந்தால் தப்பான வழி. இங்கே அப்படியொரு வசதியை எதிர்பார்க்க வேண்டாம். ஏறுகிறவர்கள் பின்னாலேயே போவது நல்லது.

கடைசிப் பகுதிதான் சோதனை. பாறையில் அறைந்த கடப்பாரைகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்: தண்ணீர், அர்ச்சனைச் சாமான் எல்லாம் முதுகுப்பையில். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் குரங்கு விடாது. வழவழத்த செருப்பு, ஈரப் பாறை இரண்டும் சேரவே கூடாது.

பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். முதல் முறை போகிறவர்கள் வேறு நாள் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அதிகமில்லை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ பலிகொண்டது. கோடையில் வழியில் கற்பூரம், பீடி எதையும் பற்றவைக்காதீர்கள். அனுமதி நேரத்தை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.