மருத்துவ இதழ்களின் தொண்டு

மதுரையில் வைகைக் கரையை ஒட்டியுள்ள கோச்சடையில் ஒருவர்க்குக் காய்ச்சல் சில நாள் நீடித்தால், அவருடைய குருதியில் ஒரு துளி சோதனைக்கூடத்திற்குச் செல்லும். அங்குள்ள ஆய்வக நுட்புநர் அதனைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவி, உலர்த்தி, சாயம் ஏற்றி, நுண்பெருக்கியால் நோக்குவார். அதற்குரிய சாயங்களுள் ஒன்று லீஷ்மன் சாயம் என்பது. வில்லியம் லீஷ்மன் என்னும் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் அதன் செய்முறையை 1901-ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் இதழில் வெளியிட்டார். 1840-இல் வேறு பெயருடன் தோன்றி, 1857 முதல் இப்பெயர் பூண்டது அவ்விதழ். ஒருவர் கண்ட முறை இதழின் வாயிலாக உலகத்தார் அனைவர்க்கும் பொதுவுடைமையாயிற்று.

அந்நாளில் வங்காளம், அசாம் முதலிய பகுதிகளில் காலா அசார் என்னும் கொடுநோய் உயிர்களைக் கொள்ளை கொண்டது. நாட்பட்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உடல் மெலிவும் அதன் அறிகுறிகள். இது முற்றிய மலேரியாவே என்று கருதி மருத்துவர் பலர் கொயினா அளித்தனர், பயன் விளையவில்லை. நோயின் காரணம் தெரியாதவரை அதற்குரிய மருந்தைக் காண்பது அரிதன்றோ?

கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் இருந்து இங்கிலாந்து திரும்பிய போர்வீரர் ஒருவர் 1900-இல் இறந்தார். அவருடைய மண்ணீரலில் நுண்ணிய உருக்கள் பலவற்றை லீஷ்மன் கண்டார். அச்செய்தி 1903-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இதழில் வெளிவந்தது. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்பாரும், இறந்தோரின் மண்ணீரலில் அத்தகைய உருக்களை அவ்வாண்டு ஏப்ரலிலேயே கண்டிருந்தார். ஜூன் 17-ஆம் நாள், உயிருடன் இருந்த நோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த குருதியிலும் அவற்றைக் கண்டார். அவை இறந்தபின் தோன்றியவையோ என்னும் ஐயம் அகன்றது. ஜூலை 11-ஆம் நாள் அவருடைய குறிப்பும் அதே இதழில் வெளிவந்தது.

லீஷ்மன் அவ்வுருக்களை வேறோர் ஒட்டுண்ணியின் சிதைந்த வடிவங்கள் எனக் கருதினார். அவர் கண்டது மெய். கொண்ட கருத்துப் பிழை. கண்டதை உள்ளவாறு எழுதியிருந்தமையால் பிறர் அதனைத் திருத்த இயன்றது. அவை புதியதோர் உயிரினம் என்று துணிந்த ரொனால்டு ராஸ், அவ்வாண்டு நவம்பரில் இருவர் பெயரையும் இணைத்து அதற்கு ‘லீஷ்மேனியா டோனவானி’ எனப் பெயர் சூட்டினார்.

நம் நாட்டிலும் 1913-இல் ‘இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்’ தோன்றியது. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரமச்சாரி இந்நோய்க்குக் கண்ட யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தைப்பற்றிய கட்டுரை 1922-இல் அதில் வெளிவந்தது. மணல் ஈயின் கடியால் இந்நோய் மக்களுக்குப் பரவுகிறது என்பதை நிறுவிய சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் கட்டுரையும் 1942-இல் அவ்விதழிலேயே இடம்பெற்றது. காரணம், மருந்து, பரவும் வழி என ஒவ்வொன்றும் இங்ஙனம் ஏடேறி அடுத்தவர்க்கு வழிகாட்டியது.

தகட்டில் ஏற்றிய சாயம் நாளடைவில் மங்கிவிடும்; செவ்வனே எழுதிய குறிப்போ மங்காது. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதிந்து வைப்பதும் நோய் தீர்க்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.