கயிறு யார் கையில்? – நாய்ப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போகும் தன்னார்வலருக்கு



போன செமஸ்டர் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டலில் என்னைத் தேடியவர்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. "எங்கடா போற?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "நாய்க்கு டிரெய்னிங் கொடுக்கப் போறேன்" என்று சொன்னேன். அது தப்பான பதில். ஏன் தப்பு என்று எனக்கே ஐந்தாவது வாரம்தான் புரிந்தது. நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு வேலைக்குப் போகலாம். அதனால் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காலேஜிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஓர் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பைக் விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு, வீல்சேரில் இருக்கிறார். விரல்களில் பிடிமானம் குறைவு. கீபோர்டில் டைப் செய்வார், ஆனால் சாவி கீழே விழுந்தால் எடுக்க முடியாது. அம்மா வரும்வரை அது தரையிலேயே கிடக்கும். அவரிடம் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த கருப்பு நாய் ஒன்று இருக்கிறது. பேர் கருப்பன். "இவன் சாவியை எடுத்துக் குடுத்தா போதும் தம்பி" என்பதுதான் அவருடைய கோரிக்கை. வீட்டில் நாய் வளர்த்தவன் என்பதால் என்.எஸ்.எஸ். சீனியர் என்னைக் கோர்த்துவிட்டார்.

நான் கயிற்றைக் கையில் வாங்கினேன். நாலே வாரத்தில் கருப்பன் உட்கார்ந்தான், கூப்பிட்டால் வந்தான், 'இரு' என்றால் இருந்தான். எனக்குச் செம பெருமை. ஐந்தாவது வாரம் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் கருப்பன் ரொம்ப நல்ல பையன்."

மற்ற ஆறு நாளும் அவர் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். அதாவது, அவருடைய நாயை நான் என்னுடைய நாயாக்கிவிட்டு, அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் மற்றவர்கள் அவருக்காகச் செய்துவிடும் நூறு வேலைகளோடு நூற்றியோராவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாய் எப்படிக் கற்கிறது?

மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஓவர்ஃபிட்டிங். நாய்கள் ஒரு இடத்தில், ஒரு ஆளிடம் கற்றதை இன்னொரு இடத்துக்கு, இன்னொரு ஆளுக்குத் தானாகக் கொண்டுபோவதில்லை. நின்றுகொண்டு, இடுப்பு உயரத்தில் கையை அசைத்து, என் குரலில் சொன்ன 'உட்காரு' ஒன்று. வீல்சேரில் உட்கார்ந்தபடி, வேறு குரலில், கை அசைக்காமல் சொல்லும் 'உட்காரு' இன்னொன்று. நமக்கு ஒரே சொல், நாய்க்கு இரண்டும் வேறு வேறு.

அடிப்படை விஷயம் நாம் பள்ளியில் படித்ததுதான். மணியோசையையும் சாப்பாட்டையும் நாய் சேர்த்து நினைவில் வைக்கும் என்று காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ். செயலுக்குப் பிறகு வரும் பலன்தான் அந்தச் செயலை மறுபடி வரவைக்கிறது என்று விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். 1951-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரையில், சின்ன 'கிளிக்' சத்தத்தைக் குறியாக வைத்து வீட்டிலேயே நாயைப் பழக்கும் முறை இருக்கிறது. பிறகு கேரன் பிரையர் 1984-ல் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' புத்தகம், அடிக்காமல் மிரட்டாமல் பழக்கும் இந்த முறையைச் சாதாரண வாசகர்களிடம் கொண்டுபோனது.

கிளிக் எதற்கு? நேரம் பிடிக்க. நாய் உட்கார்ந்த நொடிக்கும், நீங்கள் தின்பண்டத்தைத் தேடி எடுத்து நீட்டும் நொடிக்கும் நடுவில் அது எழுந்து, கொட்டாவி விட்டு, வாலையும் ஆட்டிவிடும். எதற்குப் பரிசு என்று அதற்கு எப்படித் தெரியும்? 'இதோ, இந்த நொடிக்குத்தான்' என்று குத்தும் டைம்ஸ்டாம்ப்தான் கிளிக். கிளிக் வந்தால் கட்டாயம் தின்பண்டம் வரும் என்று முதலில் இருபது முப்பது தடவை பழக்கிவிட்டால், தின்பண்டம் சில நொடி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

மாற்றுத்திறனாளி ஒருவர் நாயைப் பழக்கும்போது இந்தச் சின்ன விஷயம் ரொம்பப் பெரியது. கை மெதுவாக அசையும் ஒருவருக்கு வேகமாகத் தின்பண்டம் கொடுக்க முடியாது. ஆனால் சரியான நொடியில் ஒரு குறி கொடுக்க முடியும். அந்தக் குறியை அவர்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் அல்ல.

நூறு வருடக் கதை, சுருக்கமாக

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கும் பள்ளி முதலில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1916-ல் வந்தது, முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக. 1927-ல் டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் நாஷ்வில் ஊரில் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், நம்மைவிடச் சின்ன வயது, அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாயை மட்டும் அவர் கேட்கவில்லை. எனக்குக் கற்றுக்கொடுங்கள், நான் திரும்பி வந்து இங்கே மற்றவர்களுக்கும் வழி செய்கிறேன் என்று கேட்டார். 1928-ல் ஸ்விட்சர்லாந்து போய்ப் பயிற்சி எடுத்து, 'படி' என்ற நாயோடு நியூயார்க்கில் வந்து இறங்கி, வண்டிகள் பறக்கும் சாலையைக் கடந்து காட்டினார். 1929-ல் 'த சீயிங் ஐ' பள்ளி தொடங்கியது.

அங்கே நாயை முதலில் பழக்கியது நிபுணர்கள்தான். ஆனால் கடைசிக் கட்டத்தில் பயிற்சி மனிதருக்கு. பயிற்றுநர் விலகிக்கொண்டால்தான் அந்தப் பயிற்சி முடியும்.

இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. பிரிட்டனில் 'டாக் எய்ட்' என்ற தொண்டு அமைப்பு நாயே கொடுப்பதில்லை. உடல் ஊனம் உள்ளவர் தன் சொந்த வளர்ப்பு நாயைத் தானே உதவி நாயாகப் பழக்குகிறார், தன்னார்வப் பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருந்து வழிகாட்டுகிறார். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படியும் ஒருவர் தன் உதவி நாயைத் தானே பழக்கிக்கொள்ளலாம், நிறுவனம் மூலமாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. நம் ஊரில் நான் பார்த்தது இந்த மாதிரியின் ரொம்பச் சின்ன வடிவம். பஸ், ரயில், மால் எல்லாம் கூட்டிப்போகும் கதை இல்லை. வீட்டுக்குள்ளே, கடைக்குள்ளே ஒரு வேலை.

ஆளுக்கு ஏற்ற வழி

நம் நாட்டின் 2016 சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. ஒரே டெம்ப்ளேட் எல்லோருக்கும் ஒத்துவராது. சில வழிகள்:

வீல்சேரில் இருப்பவர்: முதலில் சக்கரத்துக்குப் பயம் போக வேண்டும். நிற்கும் வீல்சேர் பக்கத்தில் தின்பண்டம், அப்புறம் மெதுவாக நகரும் வீல்சேர். நாய் எப்போதும் ஒரே பக்கமாக வரப் பழக்குங்கள், பாதம் சக்கரத்தில் மாட்டாது. கயிற்றை வீல்சேரில் கட்டவே கூடாது. பூனையைப் பார்த்து நாய் பாய்ந்தால் ஆளோடு கவிழும்.

பார்வையற்றவர்: கழுத்துப் பட்டையில் சின்ன மணி இருந்தால் நாய் எங்கே இருக்கிறது என்று தெரியும். உட்கார்ந்துவிட்டதா என்று முதுகில் கையை வைத்துச் சரிவை உணர்ந்து தெரிந்துகொள்ளலாம். கூப்பிட்டால் உள்ளங்கையில் மூக்கால் தொட வேண்டும் என்று நாய்க்குப் பழக்கினால், வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 'உட்கார்ந்துடுச்சு, உட்கார்ந்துடுச்சு' என்று நீங்கள் கமென்ட்ரி கொடுக்கத் தேவையில்லை.

காது கேளாதவர், பேச்சு வராதவர்: நாய்க்குச் சொல்லைவிடக் கை சைகை சுலபமாகப் பிடிபடும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு, அவையும் சைகையில்தான் கற்கின்றன. கிளிக்குக்குப் பதில் கட்டைவிரல் உயர்த்துவது போதும்.

பேச்சு குழறுபவர்: உச்சரிப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்று நாய் எதிர்பார்க்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். பெருமூளை வாதம் உள்ள ஒருவர் சொல்வது நமக்குப் புரிய ஒரு வாரம் ஆகலாம். நாய்க்கு அந்தச் சிக்கலே இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்: ஒரு நேரத்தில் ஒரே படி. படம் வரைந்த அட்டை. கிண்ணத்தில் எண்ணிப் பத்துத் துண்டு, அது தீர்ந்தால் வகுப்பு முடிந்தது. நாய்க்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுமை கிடையாது, ஆக இருவருக்கும் நல்லது.

சாவி

அண்ணன் கதைக்குத் திரும்புவோம். ஆறாவது வாரம் நான் கயிற்றை அவர் மணிக்கட்டில் ஒரு துணி வளையமாக மாட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நிஜமாகவே. இல்லாவிட்டால் கை தானாக நீளும்.

கிளிக்கரை அழுத்த அவரால் முடியாது. 'டக்' என்று வாயால் சொல்வதைக் குறியாக வைத்தோம். அடுத்த பிரச்சினை, ஒரு துண்டை மட்டும் விரலால் எடுக்க முடியாது. அங்கேதான் நம்ம இன்ஜினியரிங் கொஞ்சம் உதவியது. வீல்சேர் கைப்பிடியில் ஒரு பிவிசி பைப்பைச் சாய்வாக கேபிள் டையால் கட்டி, மேலே வாட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாக வைத்தோம். மடியில் ஒரு தட்டு. உள்ளங்கை ஓரத்தால் ஒரு துண்டைத் தள்ளினால் அது பைப் வழியாக நாயின் மூக்குக்கு நேரே போய் விழும். முதல் மாடலில் முக்கால் இஞ்ச் பைப், வேகவைத்த கோழித் துண்டு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கருப்பன் பைப்பையே கடித்தான். ஒன்றரை இஞ்ச் பைப்புக்கும் காய்ந்த பிஸ்கட் துண்டுக்கும் மாறினோம். பைப்பின் சாய்வை முடிவு செய்தது அண்ணன். எந்த இடத்தில் தன் கை எட்டும் என்று அவருக்குத்தானே தெரியும்?

சாவியை நாய்கள் எடுக்கத் தயங்கும், உலோகம் பல்லில் படுவது அவற்றுக்குப் பிடிக்காது. அம்மாவின் பழைய சேலைத் துணியைச் சாவி வளையத்தில் முடிந்தோம். பிறகு வேலையைப் பிய்த்தோம்: துணியைப் பார்த்தால் 'டக்'. மூக்கால் தொட்டால் 'டக்'. வாய் திறந்தால். கவ்வினால். ஒரு நொடி பிடித்திருந்தால். தரையிலிருந்து தூக்கினால். மடித் தட்டில் போட்டால். ஒரு படி பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வந்தால் அடுத்தது. இரண்டு தடவை தொடர்ந்து தப்பினால் ஒரு படி கீழே.

நான் தனியாகப் பழக்கியிருந்தால் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும். அண்ணனின் 'டக்' முதலில் தாமதமாக வந்தது. சில நாள் அவருக்கு உடம்பு முடியவில்லை, சில நாள் கடையில் கூட்டம். இரண்டு வாரம் ஒரே படியில் நின்றோம். வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மேத்ஸ் அரியரைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்பதாவது வாரம் வாக்கில் அவர் என்னைத் திருத்த ஆரம்பித்தார்: "இல்ல தம்பி, அவன் காதைப் பாருங்க, களைச்சுட்டான். போதும்." அந்த நாயை என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அவர் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

போவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா? கால்நடை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். வலியில் இருக்கும் நாய் கற்காது, கடிக்கும்.

2. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிடால் சேர்த்த இனிப்பு எதுவும் நாய்க்குக் கூடாது.

3. தூக்கம் வராமலே கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், கண்ணில் வெள்ளை தெரிவது எல்லாம் 'முடியல' என்பதன் அறிகுறி. நிறுத்துங்கள்.

4. எல்லா நாயும் இதற்கு ஒத்துவராது. சத்தத்துக்கு நடுங்கும் நாயை வற்புறுத்தாதீர்கள். அது நல்ல செல்லமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

5. 'என்ன வேலை வேணும்?' என்று அவரிடமே கேளுங்கள். அம்மாவிடமோ தம்பியிடமோ அல்ல. வேலையை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6. தொடர்ந்து வர முடியாது என்றால் ஆரம்பிக்காதீர்கள். எக்ஸாம் வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. போட்டோவும் ரீல்ஸும் அவர் சொன்னால் மட்டும்.

8. நீங்கள் இல்லாத நாளில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். உங்களுடைய மார்க் ஷீட் அதுதான்.

மாடல் எக்ஸாம் நடந்த வாரம் நான் போகவில்லை. புதன்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட். முதலில் ஜெராக்ஸ் மெஷின் சத்தம். ஏதோ விழும் சத்தம். "கருப்பா, எடு." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நகம் தரையில் உரசும் சத்தம். அப்புறம் தட்டில் சாவி விழும் 'டிங்'. உடனே அண்ணன் குரல்: "டக்!"

கூட வேறு ஒரு வார்த்தையும் இல்லை. என்னை அவர்கள் இருவருக்கும் அன்றைக்குத் தேவைப்படவில்லை. ஹாஸ்டல் வராந்தாவில் நின்று அதை நாலு தடவை கேட்டேன்.

நான் ஜூன் மாதம் ஊரைவிட்டுக் கிளம்புகிறேன். அண்ணனின் அடுத்த திட்டம் கருப்பனுக்குக் கடை ஷட்டர் பக்கத்து ஃபேன் சுவிட்சைப் போடச் சொல்லிக்கொடுப்பது. ஸ்டூல் காலியாக இருக்கிறது. ஜூனியர்களில் யாராவது போங்கள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள மட்டும் மறக்காதீர்கள்.