பிறப்புப் பதிவில் ஒரு சிறு கோடு

அன்புள்ள அம்மு,

பிள்ளையின் பிறப்புப் பதிவில் இனம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவுக்கு வர முடியாமல் இருப்பதாக உன் அம்மா சொன்னாள். தாய் தமிழர், தந்தை சீனர். சிங்கப்பூரில் 2011 ஜனவரி முதல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு இனங்களையும் எழுதலாம். எது முன்னால் என்பது மட்டும் உங்கள் கவலை அல்ல. எப்படி எழுதினாலும் பிள்ளை அரைச் சிங்கப்பூரர் ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

இந்தப் பிரிவுகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் எடுத்த குடிக்கணக்குகளில் பூகிஸ், ஜாவானியர், போயானியர் எல்லாரும் தனித்தனியே எண்ணப்பட்டார்கள்; பின்னர் மலாய்க்காரர் என்ற ஒரே தலைப்புக்குள் வந்தார்கள். இன்று இந்தியர் என்ற பிரிவில் தமிழரும் மலையாளியும் சீக்கியரும் மட்டுமல்ல, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை வழிவந்தவர்களும் அடக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினமும் அந்தக் கணக்கில் இந்தியர்தான். இனம், மொழி, மதம் பாராமல் எல்லாரும் ஒரே மக்கள் என்ற தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவர் அவர்.

அதற்காக இனக் குறிப்பே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. 1964இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரங்களில் 36 பேர் இறந்தார்கள். அந்த நினைவோடுதான் 1989இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளுக்கு இன வரம்பு வந்தது. ஒரு புளோக்கிலோ பேட்டையிலோ ஓர் இனத்தார் மட்டும் குவியாமல் அது தடுத்தது. ஒரே மின்தூக்கியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஏறி இறங்கி வளர்ந்தார்கள். மக்கள்தொகையில் இந்தியர் எல்லாரும் சேர்ந்தே சுமார் 9 சதவீதம்தான். அதிலும் ஒரு பகுதியான தமிழரின் மொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடமாக நிலைத்திருப்பதில் இந்த வகைப்பாட்டுக்கும் பங்கு உண்டு. நம் வீட்டில் யாரும் அதை மறக்கக் கூடாது.

ஆனால் அதே வீட்டு இன வரம்பு சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது கழுத்தைப் பிடிக்கிறது. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைகிறார்கள், விலை இறங்குகிறது. நீண்ட காலம் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீடுகளை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. எல்லாருடைய நன்மைக்குமான ஓர் ஏற்பாட்டின் செலவைச் சிறுபான்மை வீடுகள் மட்டும் இத்தனை காலம் சுமந்தது நியாயமே இல்லை.

நாட்டின் தலைமை என்று வரும்போது இந்த இனப் பிரிவுகள் இன்னும் தடுமாறுகின்றன. 2017இல் அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதிபரான ஹலிமா யாக்கோபின் தந்தை இந்திய முஸ்லிம் என்பதால், அவர் மலாய்க்காரரா என்ற பேச்சு ஊரெல்லாம் எழுந்தது. 2023இல் ஒதுக்கீடு எதுவும் இல்லை. சீனர் முக்கால்வாசியாக வாழும் நாட்டில், யாழ்ப்பாண வேர் கொண்ட தர்மன் சண்முகரத்னம் 70.4 சதவீத வாக்கு பெற்றார். வாக்களித்த லட்சக்கணக்கான சீனர்கள் அவரைத் தங்கள் நாட்டுத் தலைவராகத்தான் பார்த்தார்கள்.

எனவே, கோட்டுக்கு முன்னால் எது வரவேண்டும் என்பதை நடைமுறையை வைத்து முடிவு செய்யுங்கள். வீட்டு வரம்புக்கு முதலில் எழுதும் இனமே கணக்கில் கொள்ளப்படும். பள்ளியில் எந்த மொழி என்பது வேறு விஷயம். கலப்பு இனப் பிள்ளைகளின் பெற்றோர் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் படிக்க வைக்க விரும்பினால் இப்போதே மாப்பிள்ளையிடமும் அவர் பெற்றோரிடமும் மனம்விட்டுப் பேசு. அப்பா வழிப் பாட்டி வீட்டு மொழியும் பிள்ளைக்கு வரவேண்டும் என்று அவர்கள் கேட்டால் அதுவும் சரியான ஆசைதான்.

அன்புடன்,
மாமா