தவளைக்காக ஒரு ஒலிப்பதிவுக் கருவி

மொன்றியலில் காட்டுயிர்களின் குரலைப் பதிவு செய்ய விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது கருவியின் விலையைத்தான். எந்த உயிர், எதற்காக என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் மரத்தில் கட்டிவிட்ட பெட்டி கோடை முழுக்க ஓடும். சேர்ந்த கோப்புகளை ஒருவரும் திறந்து கேட்கமாட்டார்கள்.

என் விடை ஒரு தவளை. மொன்றியலை ஒட்டி ஓடும் ஆற்றுக்குத் தென்கரையில், லோங்கெய், லா பிரேரிப் பக்கத்துக் குட்டைகளில் இருக்கும் மேற்குக் கோரஸ் தவளை. உடம்பு இரண்டரை சென்ரிமீற்றர்தான். கண்ணால் தேடினால் பொழுது போய்விடும். ஆனால் சீப்பின் பற்களில் நகத்தை இழுத்ததுபோல ஒரு ‘கிர்ர்ர்’ அதைத் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சின்ன உயிரைக் காக்கக் கனடா மத்திய அரசு 2016இல் லா பிரேரியிலும் 2021இல் லோங்கெயிலும் அவசர ஆணை போட்டது. லோங்கெயில் ஒரு வீதியை நீட்டும் வேலையே நின்றது. எந்தக் குட்டையில் அது கத்துகிறது என்பது இங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

அது கத்துவது மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை, சில வாரங்கள்தான். ஓரங்களில் பனி கிடக்கும்போதே தொடங்கிவிடும். ஏப்ரல் நடுவில் கருவிக்கு ஓர்டர் கொடுப்பவர் அந்த வருடத்தை மறந்துவிடலாம்.

நான் பாவிப்பது ஆடியோமாத். உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை, மூன்று ஏஏ பற்றரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்ட். குளிரில் சாதாரண அல்கலைன் பற்றரி சீக்கிரம் சோர்ந்துவிடும்; லித்தியம் போடுங்கள், காசு பார்க்காதீர்கள். தவளைக்கும் பறவைக்கும் நொடிக்கு 48,000 மாதிரிகள் தாராளம். மணிக்கு ஏறக்குறைய 345 எம்பி வரும். வௌவால் என்றால் கதை வேறு. அதன் குரல் பெரும்பாலும் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் 256,000 அல்லது 384,000 தேவை. கார்ட் எட்டு மடங்கு வேகத்தில்கூட நிரம்பும். எதுவானாலும் வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். எம்பி3 இடத்தை மிச்சம் பிடிப்பதே நமக்கு வேண்டிய நுணுக்கங்களைக் கழித்துத்தான்.

பலரைச் சுற்றலில் விடுவது கடிகாரம். இந்தக் கருவி வழக்கமாக உலகப் பொது நேரத்தில் ஓடும். ஏப்ரலில் மொன்றியல் அதற்கு நான்கு மணி நேரம் பின்னால். இரவு எட்டரைக்குக் கத்திய தவளை, கோப்பின் பெயரில் மறுநாள் 00:30 என்று நிற்கும். தேதியே மாறிவிடுகிறது, கவனியுங்கள்.

பதிவு முழுவதையும் காதால் கேட்கவேண்டாம். ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமை ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளிலேயே பார்க்கலாம். நெடுஞ்சாலை இரைச்சல் படத்தின் அடியில் சேறுபோலப் படிந்து கிடக்கும். கோரஸ் தவளை அதற்கு மேலே, 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள டெக்னோபார்க் ஈரநிலத்தில் மட்டும் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். தலைக்கு மேல் விமானம் போகும் நிமிடங்களைத் தள்ளிவிடத்தான் வேண்டும்.

எத்தனை தவளை என்று எண்ண முயலாதீர்கள். இந்த நாட்டில் தவளைக் கணக்கெடுப்பவர்கள் 0 முதல் 3 வரை ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: சத்தமே இல்லை என்றால் 0, தனித்தனியாக எண்ண முடிந்தால் 1, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2, ஒரே இரைச்சலானால் 3. அது போதும். கத்துவதெல்லாம் ஆண்தான், பெண் இந்தக் கணக்கில் வராது.

பறவைகளை அடையாளம் காட்டும் பேர்ட்நெட் நல்ல வேலைக்காரன், நல்ல சாட்சி இல்லை. மொன்றியல் எங்கும் திரியும் புளூ ஜே பருந்தின் குரலைப் போலவே கூப்பிடும். மென்பொருளும் பருந்து என்று எழுதிவிடும். அது தரும் மதிப்பெண் நிகழ்தகவு அல்ல. அரிதான பெயர் வந்தால் அந்தத் துண்டைத் திறந்து நீங்களே கேளுங்கள், பிறகு அனுபவசாலி ஒருவருக்குக் காட்டுங்கள்.

ஒன்றும் பதிவாகாத இரவைப் பற்றித்தான் நான் மிகவும் கண்டிப்பு. அன்றைக்குக் காற்றா, குளிரா, மைக் நனைந்ததா என்று எழுதாமல் ‘இங்கே தவளை இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது. கட்டடம் எழுப்பக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

கருவி கட்டுவதற்கு முன் நகரசபையிடமோ பூங்காவிடமோ அனுமதி வாங்குங்கள். நடைபாதையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். வழிப்போக்கர் பேச்சு பதிவாகியிருந்தால் அழித்துவிடுங்கள். தவளையைக் கத்தவைக்க அதன் குரலைப் போனில் போட்டுக் காட்டாதீர்கள். நல்ல பதிவு கிடைத்தால் இடம், தேதி, நேரத்தோடு கியூபெக்கின் ஈரூடகவாழிகள், ஊர்வன ஆகியவற்றின் அட்லஸுக்கு அனுப்புங்கள். அவர்கள் 1988 முதல் இப்படிப்பட்ட தகவல்களைச் சேர்த்துவருகிறார்கள். பொதுமக்கள் அனுப்புவதையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.