நம் வீட்டுக் கோழி

"கோழியைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தங்கைகளே, ஓர் அடைக்கோழியின் அருகே பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். சற்றுத் தள்ளியே அமருங்கள், கொத்திவிடும்!

கோழி பறவையினத்தைச் சேர்ந்தது. ஆணைச் சேவல் என்றும், பெண்ணைப் பெட்டை என்றும், முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம் பெட்டையை விடைக்கோழி என்றும் அழைக்கிறோம். வளர்ப்புக் கோழிகளின் முதன்மையான மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியாகும். ஆனால் பல கோழிகளின் மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டறிந்தனர்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்திய தானியம் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்கி ஊறும். பின்னர் அரைவைப்பைக்குச் செல்லும். அங்கே, கோழி விழுங்கி வைத்துள்ள சிறு கற்கள் அதை அம்மிபோல் அரைத்துவிடும்.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டதும் அடைக்கு உட்காரும். குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும். இரை தேடவும் நீர் அருந்தவும் சிறிது நேரம் எழுவதைத் தவிர, அது முட்டைகளை விட்டு அகலாது. அலகினால் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும். புரட்டாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகவே கரு மூச்சு விடுகிறது. ஏழாம் நாள் இருட்டில் முட்டையை டார்ச் விளக்கின்முன் பிடித்தால் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் அது கூமுட்டை. குஞ்சு தன் அலகு நுனியிலுள்ள சிறு முளையால் ஓட்டை உடைக்கும். உதவுகிறோம் என்று நாம் ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துபோகலாம்.

வாத்துக்கும் வான்கோழிக்கும் 28 நாட்கள் வேண்டும். கிராமங்களில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பதுண்டு. பொரித்த குஞ்சுகள் குளத்தில் இறங்கிவிட, பாவம், தாய்க்கோழி கரையில் நின்று கூவும்!

பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை லெகார்ன் கோழி ஆண்டுக்கு 300 முட்டைகள்கூட இடும்; ஆனால் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதற்குப் பொரிப்பகம் வேண்டும். நாட்டுக்கோழி இடுவது குறைவுதான். ஆயினும் குப்பையைக் கிளறித் தானே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். நம்மில் பலருக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் காசு பாட்டியின் முட்டைக் கூடையிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கூடையை ஒரே வாரத்தில் காலி செய்யக்கூடியது வெள்ளைக் கழிச்சல் நோய். இராணிக்கேத் என்ற மலையூரின் பெயராலும் இதனை அழைப்பர். வைரஸால் வருவதால் இதற்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வார வயதில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். நோய் வந்தபின் போட்டுப் பயனில்லை. கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும் கோழியை உடனே தனியே அடைக்க வேண்டும். இறந்ததை வாய்க்காலில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். எறிந்தால் அடுத்த தெருக் கோழிகளும் போய்விடும்.