பிரேக் மாத்தணும்… காரை எங்க விடலாம்?

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனதும் நம்மில் பல பேருக்கு இந்தக் கேள்வி வரும். "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? பிரேக் பிடிச்சா கிரீச்சுனு சத்தம் வருது. கம்பெனி சர்வீஸ்ல விடலாமா, நம்ம மெக்கானிக்கிட்டயே கொடுத்துடலாமா?" கேட்கிறது அப்பாவா இருக்கலாம், மாமாவா இருக்கலாம். நீங்க சிவிலா, ட்ரிபிள் ஈயா என்பதெல்லாம் அவங்களுக்குக் கணக்கே இல்லை. பதில் சொல்லியே ஆகணும். நல்ல விஷயம் என்னன்னா, அந்தப் பதிலுக்குத் தேவையானதுல முக்கால்வாசி நம்ம முதல் வருஷப் பாடத்துலயே இருக்கு.

"இப்போதைக்கு நல்லாத்தான் பிடிக்குது, அப்புறம் பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. 80 கி.மீ. வேகத்துல போற 1000 கிலோ காரை நிறுத்த, பிரேக் சுமார் 247 கிலோஜூல் ஆற்றலை வெப்பமா மாத்தணும். அதே காரை 1000 மீட்டர் உயரத்துல இருந்து கீழே இறக்கினா, கரைக்க வேண்டியது 9.8 மெகாஜூல். அதாவது, 80-ல இருந்து நாற்பது தடவை நிறுத்தின அளவு. (எடை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும், அதனால எந்தக் காருக்கும் இதே நாற்பதுதான்.) கீழ் கியர்ல இறங்கினா இன்ஜின் இதுல பெரிய பங்கை வாங்கிக்கும். மிச்சமெல்லாம் பிரேக் தலையிலதான். தெருமுனைக் கடைக்குப் போய் வர்றப்போ நல்லா பிடிக்கிற பிரேக், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்போது அப்படியே பிடிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதுக்குக் காரணம் பேட் மட்டும் இல்ல, பிரேக் ஆயிலும்தான். டாட் 3, டாட் 4 வகை ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3-க்குப் புதுசா இருக்கும்போது தரக் குறியீடு கேட்கிற குறைந்தபட்ச கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறின பிறகு அது வெறும் 140 டிகிரி. இறக்கத்துல சூடேறி ஆயில் கொதிச்சா உள்ளே ஆவி உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பாஸ்கல் விதி அங்கேயே படுத்துடும், பெடல் தரை வரைக்கும் போகும். பல கம்பெனிகள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தச் சொல்றது இதனாலதான். நம்ம ஊர்ல பெரும்பாலும் யாரும் மாத்துறதில்லை, குறைஞ்சா ஊத்துறதோட சரி.

இப்ப கேள்விக்கு வருவோம். கம்பெனியா, மெக்கானிக்கா? ரெண்டு பக்கமும் தப்பு நடக்க வாய்ப்பு இருக்கு, ஆனா எதிரெதிர் திசையில. சர்வீஸ் சென்டர்ல அட்வைசருக்கு விற்பனை டார்கெட் இருக்கும். அதனால இன்னும் ஓடக்கூடிய டிஸ்க்கையும் சேர்த்து "மாத்திடலாம் சார்"னு எஸ்டிமேட் போடத் தோணும். தெரு மெக்கானிக் உங்க பணத்தைக் காப்பாத்த நினைப்பார். அது நல்ல மனசுதான், ஆனா தேய்ஞ்ச பேடை எமரி பேப்பர்ல ஒரு தேய் தேய்ச்சு, "இன்னும் ஆறு மாசம் ஓடும் தம்பி"னு மாட்டிக் கொடுத்துடுவார். ஒருத்தர் உயிரோட இருக்கிறதைக் கழட்டுறார், இன்னொருத்தர் செத்துப்போனதை ஓட்டுறார். ரெண்டு பேரையும் நேர்வழிக்குக் கொண்டு வர்ற ஒரே கேள்வி: "எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?"

புது முன்பக்க பேடுல உராய்வுப் பொருள் தோராயமா 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துட்டா மாத்தறதுதான் பொதுவான வழக்கம். பின்னால இருக்கிற இரும்புத் தகட்டைச் சேர்த்து அளந்து ஏமாந்துடாதீங்க. டிஸ்க்குக்கு இந்த அளவு வரைக்கும்தான் தேயலாம்னு கம்பெனியே ஒரு குறைந்தபட்ச தடிமன் வெச்சிருக்கும். பெரும்பாலும் அதை டிஸ்க்கிலேயே பொறிச்சிருப்பாங்க. இங்க ஒரு நுணுக்கம். பேட் படாத வெளி ஓரம் தேயாம ஒரு விளிம்பு மாதிரி நிக்கும். வெர்னியர் வெச்சா அந்த விளிம்புல உட்கார்ந்து, டிஸ்க் தடியா இருக்குன்னு பொய் சொல்லும். மைக்ரோமீட்டர்தான் விளிம்பைத் தாண்டி உள்ளே போய் அளக்கும். மெட்ராலஜி லேப்ல பாதித் தூக்கத்துல ரீடிங் எடுத்தோமே, அது இங்கதான் உதவுது. காரை எங்க விடறதுன்னு முடிவு பண்ண எனக்குத் தெரிஞ்ச நம்பகமான அடையாளம் இதுதான்: வீலைக் கழட்டி, உங்களைப் பக்கத்துல கூப்பிட்டு, அளந்து காட்டுறாங்களா? ஏசி லவுஞ்சுல உட்கார வெச்சு எஸ்டிமேட் மட்டும் நீட்டுற இடமா இருந்தாலும் சரி, "என்னை நம்பு"ன்னு சொல்ற ஷெட்டா இருந்தாலும் சரி, வேற இடம் பாருங்க.

அடுத்தது, என்ன கோளாறுன்னு பொறுத்துத்தான் எந்த இடம்னு முடிவாகும். பிரேக் பிடிக்கும்போது கிரீச்சுனு மெல்லிசா சத்தம் வந்தா, பெரும்பாலும் பேடுல இருக்கிற எச்சரிக்கைத் தகடு உரசுது, இல்லைன்னா பேட் மேல்பரப்பு பளபளன்னு கெட்டியாயிடுச்சு. கரகரன்னு இரும்பு அரைக்கிற சத்தம்னா பேட் தீர்ந்துபோய் டிஸ்க்கை அறுத்துக்கிட்டு இருக்கு, அந்த வண்டியை அன்னைக்கே நிறுத்திடுங்க. பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் நடுங்குதுன்னா டிஸ்க்கைப் பார்க்கணும். தடிமன் மிச்சம் இருந்தா லேத்துல கடைசல் பிடிக்கலாம், ஆனா கடைசலுக்கு அப்புறமும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருக்கணும். இந்த வேலைகளை எல்லாம் கை சுத்தமான ஒரு நல்ல தெரு மெக்கானிக் தாராளமா செய்வார். பேட் மாத்துறதுக்கு ஆயில் லைனைத் திறக்க வேண்டியதே இல்லை.

பெடல் மெல்ல மெல்ல இறங்குது, பஞ்சு மாதிரி இருக்கு, ஆயில் குறைஞ்சுக்கிட்டே போகுது, டேஷ்போர்டுல ஏபிஎஸ் விளக்கு எரியுது, இதெல்லாம் வேற கதை. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த புதுக் கார்கள்ல ஏபிஎஸ் கட்டாயம். அந்த யூனிட்டுக்குள்ள காத்து போயிடுச்சுன்னா, நிறைய கார்கள்ல ஸ்கேன் டூல் மாட்டித்தான் முழுசா வெளியேத்த முடியும். பட்டன் அழுத்தினா போடுற எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தா, பின் பேட் மாத்தவே அந்த டூல் வேணும். இந்த வேலைகளுக்குக் காசு கூடப் போனாலும் கம்பெனி சர்வீஸுக்கு, இல்லை அந்த டூல் உண்மையிலேயே வெச்சிருக்கிற கராஜுக்குப் போங்க. "வெச்சிருக்கீங்களா?"ன்னு போன்லயே கேட்டுடலாம்.

"வெளியில பார்த்தா வாரண்டி போயிடும்"னு பயமுறுத்துவாங்க. பேட் தேய்மானப் பொருள், பொதுவா அதுக்கு வாரண்டியே கிடையாது. ஆனா வண்டி இன்னும் வாரண்டியில இருந்தா, பெரிய வேலைக்கு முன்னாடி புக்லெட்டைப் படிச்சிடுங்க. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாம தடுத்ததுக்காக 2014-ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. அது மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.

பேட் எங்க வாங்குறது? கார் கம்பெனி பேடை அவங்களே செய்யறது அபூர்வம். பாடியில பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர்ல ரானேன்னு நம்ம சென்னையே இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர். இப்படிப்பட்ட தயாரிப்பாளர்கள் சொந்தப் பெயர்லயும் கடையில விற்கிறாங்க. மெக்கானிக் வாங்கி வர்றதை விட நீங்களே டீலர் கடையில பில்லோட வாங்கிக் கொடுத்தா, போலி வர்ற வாய்ப்பு குறையும். டப்பாவுல தயாரிப்பாளர் முகவரி, எம்ஆர்பி, மாதம்-வருஷம் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க. இடது, வலது ரெண்டும் சேர்த்துத்தான். கழட்டின பழைய பேடைக் கேட்டு வாங்கிக்கோங்க. ஒண்ணு நல்லா தேய்ஞ்சு, ஜோடி அப்படியே இருந்தா கேலிபர் பின் இறுகியிருக்குன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம புது பேட் போட்டா அதுவும் அதே கதிதான்.

வேலை முடிஞ்சதும் சாவியை வாங்கி நேரா கிளம்பிடாதீங்க. பேட் மாத்தும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பாங்க, அதனால முதல் மிதி வெறுமையா தரைக்குப் போகும். வண்டி நின்ன இடத்துலயே பெடல் கெட்டியாகும் வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிங்க. அப்புறம் ஆயில் டப்பாவுல அளவைப் பாருங்க. ஆள் இல்லாத ரோட்டுல மெதுவா ஓட்டி நிறுத்திப் பாருங்க. புது பேட் டிஸ்க்கோட ஒட்டிப் பழக ஒரு இருநூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரைக்கும் அவசர பிரேக் வேண்டாம். மாமா நாளைக்கே கொல்லிமலைன்னு பிளான் போட்டிருந்தா, அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்க.